இசைத்தட்டு உறையின் ஆக்கியோன் யார்? – இசைஞர், வடிவமைப்பாளர் கூட்டுறவு குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இசைத்தட்டின் உறையை இசைஞரின் கருத்தைக் காட்டும் படமாகவோ, வடிவமைப்பாளர் ஒருவரின் தனித்திறனாகவோ கொள்வது வழக்கம். இவ்விரு பார்வைகளும் உறை உருவாகும் முறையை விளக்கப் போதியன அல்ல என்பதை, 1967, 1973, 1979 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் வெளிவந்த மூன்று இசைத்தட்டுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கின்றது. நன்னூல் கூறும் சிறப்புப்பாயிர இலக்கணம் ஒப்பீட்டுக் கருவியாகக் கொள்ளப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: இசைத்தட்டு உறை, கூட்டுறவு, வடிவமைப்பு, ஆக்கியோன், சிறப்புப்பாயிரம்

முன்னுரை

கடையில் வாங்கப்படும் இசைத்தட்டு, கேட்கப்படுவதற்கு முன்னரே பார்க்கப்படுகின்றது. இந்நிலை தொடக்கத்திலேயே அமைந்ததன்று. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டுகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி விற்ற தொகுப்பேடுகள் பெரும்பாலும் படமற்ற அட்டைகளையே கொண்டிருந்தன. 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், அடுத்த ஆண்டில் ஓவியம் தாங்கிய உறைகளை அறிமுகப்படுத்தினார். அங்கு வடிவமைப்பாளர் நிறுவனத்தின் பணியாளர். உறை விற்பனைக்கு உதவும் கருவி. இசைஞரும் வடிவமைப்பாளரும் நேரடியாகக் கலந்து உறையைத் தீர்மானிக்கும் வழக்கம் 1960களில் வலுப்பெற்றது. அவ்வழக்கம் எழுப்பும் வினா ஒன்றே: உறையின் ஆக்கியோன் யார்?

பாயிரம் என்னும் அளவுகோல்

நூலாசிரியர் தம் நூலுக்குத் தாமே சிறப்புப்பாயிரம் செய்தல் மரபன்று. எத்துணை உயர்ந்த நூலைச் செய்தவராயினும் தற்புகழ்ச்சி தகாது என்பது நன்னூலார் கருத்து. ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகிய நால்வருள் ஒருவரே அதனைச் செய்தற்குரியவர். ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் ஈறாக எட்டுச் செய்திகளை அது தெரிவித்தல் வேண்டும்.

இசைத்தட்டு உறையும் பிறர் கையால் ஆகி, படைப்பின் முன் நின்று, அதனுள் புகுவோருக்கு வழிகாட்டுகின்றது. அதனைச் செய்பவர் இசையறிந்தவராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. எனினும் அவ்விசைக்கு நெருக்கமான ஓரிடத்தில் நிற்பவராக இருத்தல் வேண்டும். இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. பாயிரம் முடிந்த நூலுக்குச் செய்யப்படுவது. உறையோ, பல வேளைகளில் இசைஞர் தரும் பொருளைக் கொண்டு, அவருடைய ஏற்பையும் மறுப்பையும் எதிர்கொண்டு உருவாவது. அவ்வேறுபாட்டிலேயே கூட்டுறவின் இயல்பு புலப்படுகின்றது.

பட்டியல் தந்த இசைஞர்

பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ 1967இல் வெளிவந்தது. பால் மெக்கார்ட்னி வரைந்த முதல்நிலைக் கோட்டோவியங்களிலிருந்து தொடங்கிய உறையைப் பீட்டர் பிளேக், ஜேன் ஹாவர்த் என்னும் ஓவிய இணையர் உருவாக்கினர். மைக்கேல் கூப்பர் ஒளிப்படம் எடுத்தார். கூட்டத்தில் நிற்க வேண்டியவர்களின் பட்டியல்களை இசைஞர் தந்தனர். ரிங்கோ ஸ்டார் மட்டும் தரவில்லை. ஓவியர்களும் தம் பெயர்களைச் சேர்த்தனர். பட்டியல் இசைஞருடையது, அதனை ஆளுயர அட்டை உருவங்களாகவும் துணிப்பொம்மைகளாகவும் மலர்ப்படுகையாகவும் மாற்றிய காட்சி ஓவியருடையது.

மூன்றாவது தரப்பு ஒன்றும் இங்குக் குறுக்கிட்டது. காந்தியின் உருவம் இடம்பெறுவதை இ.எம்.ஐ. நிறுவனம் ஏற்கவில்லை, அது நீக்கப்பட்டது. இசைஞர் விரும்பி, ஓவியர் அமைத்த ஒன்றை நிறுவனம் அகற்ற முடிந்தது என்பது, கூட்டுறவின் எல்லையை வரைந்தவர் யார் என்பதைக் காட்டுகின்றது.

தேர்ந்தெடுத்த இசைஞர்

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் வெளிவந்தது. ஸ்டார்ம் தார்கர்சன், ஆப்ரி பவல் ஆகியோரின் ‘ஹிப்னாசிஸ்’ வடிவமைப்பகம் அக்குழுவுக்கு முன்னரே உறைகள் செய்து வந்தது. ஒளிப்படக் கற்பனைகளை விடுத்து எளிமையும் செம்மையும் உடைய ஒன்றைத் தருமாறு விசைப்பலகைக் கலைஞர் ரிச்சர்ட் ரைட் கேட்டார். வடிவமைப்பாளர்கள் பல மாதிரிகளை முன்வைத்தனர். ஒளியைப் பிரிக்கும் முப்பட்டகத்தைக் குழுவினர் ஒருமனமாகத் தேர்ந்தனர். அதனை வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி.

இங்கு இசைஞரின் பங்கு தேர்வோடு முடியவில்லை. உறையைத் திறந்தால் நிறமாலை இதயத்துடிப்பின் கோடாகத் தொடர வேண்டும் என்பது ரோஜர் வாட்டர்ஸின் கருத்து. இசைத்தட்டு இதயத்துடிப்போடு தொடங்கி அதனோடு முடிகின்றது. வெளிப்புறப் படம் வடிவமைப்பாளரின் முன்வைப்பு. உட்புறத் தொடர்ச்சி இசையின் கட்டமைப்பிலிருந்து வந்தது. இவ்விரண்டும் ஒரே கோட்டில் இணைவதால், எவர் பங்கு எங்கு முடிகின்றது என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

கண்டெடுத்த இசைஞர்

ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்நோன் பிளஷர்ஸ்’ 1979இல் ஃபேக்டரி நிறுவனத்தின்வழி வெளிவந்தது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் கண்ட வரைபடத்தைக் குழுவினரே வடிவமைப்பாளர் பீட்டர் சவில்லிடம் தந்தனர். 1967இல் ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் துடிவிண்மீனின் வானொலித் துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் படம் அது. ஹெரால்டு கிராஃப்ட் என்னும் வானியலாளர் 1970ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டிற்காக உருவாக்கியது.

மூலப்படம் வெண்தாளில் கருங்கோடுகளாக இருந்தது. குழுவினரும் அவ்வண்ணமே விரும்பினர். சவில் அதனைக் கருநிறப் பரப்பில் வெண்கோடுகளாக மாற்றினார். முன்புறத்தில் குழுவின் பெயரோ தட்டின் பெயரோ இல்லை. படம் இசைஞர் தந்தது. இருள் வடிவமைப்பாளர் தந்தது. இன்று உலகெங்கும் ஆடைகளில் அச்சிடப்படுவது அவ்விருளோடு கூடிய படமே. இசைஞரின் விருப்பத்தை அவ்வாறே நிறைவேற்றுவது மட்டும் கூட்டுறவன்று என்பதற்கு இது தக்க சான்று.

பெயர் மறைதலும் பெயர் மறைக்கப்படுதலும்

மூன்று உறைகளையும் ஒருசேர நோக்கின் ஒரு வளர்ச்சி தெரிகின்றது. 1967இல் குழுவின் பெயர் மலர்களாகவும் தட்டின் பெயர் முரசின் முகப்பாகவும் காட்சிக்குள் கரைந்தன. 1973, 1979 ஆண்டுகளின் உறைகளில் அவை முன்புறத்திலிருந்தே நீங்கின. பாயிரம் முதலில் தெரிவிக்க வேண்டிய ஆக்கியோன் பெயரையும் நூற்பெயரையும் இவ்வுறைகள் வேண்டுமென்றே விடுத்தன. விற்பனைக்குப் பெயரே முதன்மை எனக் கருதப்படும் துறையில், இது இசைஞரும் வடிவமைப்பாளரும் இணைந்து நின்றாலன்றி இயலாத முடிவு.

இசைஞர் தம் பெயரைத் தாமே மறைத்துக்கொள்வது வேறு. உடன் உழைத்தவரின் பெயர் மறைக்கப்படுவது வேறு. சார்ஜென்ட் பெப்பர்ஸ் உறைக்கான 1968ஆம் ஆண்டு கிராமி விருது பிளேக், ஹாவர்த் இருவருக்கும் உரியது; எனினும் ‘பிளேக்கின் உறை’ என்றே பலரும் எழுதினர். முப்பட்டகம் தார்கர்சன் பெயரோடு நினைக்கப்படும் அளவுக்கு ஹார்டி பெயரோடு நினைக்கப்படுவதில்லை. துடிவிண்மீன் படத்தைச் சவில்லின் படைப்பென்பர். கிராஃப்டின் பங்கு பரவலாகப் பேசப்பட்டது இந்நூற்றாண்டில்தான். ஒரே ஆக்கியோனைத் தேடும் திறனாய்வு, கூட்டுறவைப் புகழும்போதே கூட்டாளியை இழந்துவிடுகின்றது. தொல்காப்பியத்தைப் போற்றும் தமிழ்மரபு, அதற்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரின் பெயரையும் உடன் வைத்துப் போற்றுகின்றது என்பது இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

பட்டியல் தருதல், தேர்ந்தெடுத்தல், கண்டெடுத்தல் என இசைஞரின் பங்கு மூவகையாக அமைவதை இக்கட்டுரை காட்டியது. மூன்றிலும் வடிவமைப்பாளர் இசைஞரின் சொல்லை ஏற்றதோடு நில்லாமல் அதனை மாற்றியும் மிகுத்தும் மீறியும் செயற்பட்டுள்ளார். எனவே கூட்டுறவின் தரத்தைக் கருத்தொற்றுமையைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. எந்த முடிவை எவர் எவருக்கு விட்டுக்கொடுத்தார், எதனை எவர் மறுத்தார் என்பதே அளவுகோலாதல் வேண்டும். இசைத்தட்டு உறைகளை ஆராய்வோர் படத்தின் பொருளை விளக்குவதற்கு முன் அது கடந்து வந்த கைகளைப் பெயர் சுட்டிக் கூறுவாராயின், உறையின் ஆக்கியோன் பலர் என்பது தானே விளங்கும்.