சொன்னவளும் எழுதியவளும்

ஆரணியில் ஒரு பட்டுச்சேலையை நெய்தது யார் என்று கேட்டால், தறியில் உட்கார்ந்தவரின் பெயரைச் சொல்வார்கள். அந்தத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்த பெண்ணின் பெயரை யாரும் கேட்பதில்லை. வை.மு.கோதைநாயகியைப் பாடம் நடத்திய ஒரு நாளில், இந்தப் பழக்கம் எனக்கும் இருப்பதைத் தெரிந்துகொண்டேன்.

பிறப்பு 1901, நாவல்கள் 115, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழ். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆறு வயது நிரம்பும் முன்பே திருமணமானவர், பள்ளிக்கூடம் போகாதவர் என்பதையும் சொன்னேன். 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார் என்றபோது, வீட்டில் தார் சுற்றிவிட்டு வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அந்தப் பட்டம்மாள் பேர எங்கயாவது போட்டாங்களா மேடம்?" பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். எனக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை.

இலக்கிய வரலாறுகள் கோதைநாயகியின் எண்ணிக்கையை வியந்துவிட்டு, 'பொழுதுபோக்கு நாவலாசிரியர்' என்ற சொல்லோடு கடந்துவிடுகின்றன. அந்தத் தீர்ப்பில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் கதைகளில் தற்செயல்கள் மிகுதி, அறிவுரை நீளும். விதவை மறுமணத்தையும் மதுவிலக்கையும் பேசியவர், குடும்பம் என்ற அமைப்பைக் கேள்வி கேட்கத் தயங்கினார். இதையெல்லாம் நாம் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த உரைநடையை நாம் கண்ணால் மட்டுமே படித்தோம். அது ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கேட்டு எழுதியதில் தொடங்கிய உரைநடை. அவர் தாமே எழுதக் கற்றுக்கொண்டது பிறகுதான். உரக்கப் படித்தால், நீளும் உரையாடல்கள் உயிர் பெறுகின்றன. படிக்கத் தெரியாத பெண்ணும் கூடத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடிய கதை அது. கோதைநாயகி இசை அறிந்தவர், காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், பேசியவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். நாவல், பாட்டு, பேச்சு மூன்றும் ஒரே குரலிலிருந்து வந்தவை. அதில் நாவலை மட்டும் எடுத்து எடை போடுவது, முந்தானையை வெட்டி வைத்துக்கொண்டு சேலைக்கு விலை சொல்வது போன்றது.

குரலால் எழுதிய பெண்களுக்கு வேறு நாடுகளிலும் இதுதான் நேர்ந்திருக்கிறது. ஜமைக்காவின் லூயிஸ் பென்னெட் (1919–2006) சந்தைப் பெண்கள் பேசும் மொழியில் கவிதை எழுதி, மேடையிலும் வானொலியிலும் சொன்னவர். மக்கள் அவரை 'மிஸ் லூ' என்று கொண்டாடினார்கள். இலக்கியவாதிகளோ நெடுங்காலம் அவரை வேடிக்கை காட்டுபவராகவே வைத்திருந்தார்கள். 1960களில் விமர்சகர் மெர்வின் மோரிஸ், பென்னெட்டைக் கவிஞராகவே வாசிக்க வேண்டும் என்று வாதிட்டு எழுதினார். பார்வை மெல்ல மாறியது. கோதைநாயகிக்கு நாம் அந்த வாசிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதோடு நிறுத்தினாலும் போதாது. கோதைநாயகியை மட்டும் மீட்டெடுத்தால், தறியில் உட்கார்ந்தவரின் பெயரை மாற்றி எழுதியதாகத்தான் ஆகும். ஒரு பெண்ணின் முதல் படைப்பு தாளுக்கு வர இன்னொரு பெண்ணின் கை தேவைப்பட்டது. அந்தக் கையை 'உதவி' என்று சொல்லி ஒதுக்குவது, தார் சுற்றுவதை 'வீட்டு வேலை' என்று சொல்வதற்குச் சமம். தார் இல்லாமல் எந்தத் தறியும் ஓடாது.

இப்போது அவருடைய நாவல் பக்கங்களை வகுப்பில் உரக்கப் படிக்கிறோம். கரும்பலகையில் 115-க்குப் பக்கத்தில் பட்டம்மாளின் பெயரையும் எழுதுகிறேன். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் மாணவிகள் எழுதிக்கொள்கிறார்கள்.