சாகாமல் மிஞ்சியவர்கள்: மிகுபுனைவுப் போர்க்கதைகளில் துணைவீரர்கள்

எயோவின் சாக வேண்டியவள். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலுக்காக டோல்கீன் எழுதிவைத்த ஆரம்பக் குறிப்புகளில், ரோஹன் நாட்டு மன்னன் தியோடனைக் காக்கவோ அவனுக்காகப் பழிதீர்க்கவோ போய் அவள் களத்தில் மடிகிறாள். மகன் கிறிஸ்டோபர் பின்னாளில் 12 தொகுதிகளாகப் பதிப்பித்த வரைவுகளில் இதைப் பார்க்கலாம். நாவல் 1954-55இல் அச்சில் வந்தபோது அவள் பிழைத்திருந்தாள். சூனிய அரசனைக் கொன்று, கை முறிந்து, நினைவிழந்து, மருத்துவ இல்லத்தில் கண்விழிக்கிறாள். அதன் பிறகு அவளை என்ன செய்வது?

மிகுபுனைவுப் போர்க்கதைகளின் எழுபது ஆண்டு வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே படித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாயகனுக்கு ஜாதகம் இருக்கிறது. அவன் வருவான் என்று ஏதோ ஒரு பழைய ஏட்டில் எழுதியிருக்கும்; கூடவே மறைந்துகிடந்த அரச வம்சமோ மந்திர வாளோ இருக்கும். பக்கத்தில் நிற்கும் வீரனுக்குக் கொடுத்த வாக்கும் செஞ்சோற்றுக் கடனும்தான் மிச்சம். கும்பகருணனை அறிந்த நமக்கு இவன் புதியவன் அல்லன். இவனைச் சாகடிப்பது எழுத்தாளருக்குச் சுலபம். வாசகர் அழுவார், கதை நகரும். உயிரோடு விட்டால்தான் தலைவலி.

சாகடித்தவர்களில் சிறந்த உதாரணம் டேவிட் கெம்மல். 1976இல் தனக்குப் புற்றுநோய் என்று அஞ்சி, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் அவர் ஒரு முற்றுகைக் கதையை எழுதத் தொடங்கினார். முற்றுகையிடப்பட்ட கோட்டை அவருடைய உடல்தான். அது விழுமா நிற்குமா என்பதை மருத்துவர் சொல்வதைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார். புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. அந்தக் கதை 1984இல் 'லெஜண்ட்' ஆக வெளிவந்தது. அதில் டிரஸ் என்ற அறுபது வயதுக் கோடரி வீரன் முட்டிவலியோடு மதில் மேல் நிற்கிறான். படுக்கையில் கிடந்து சாவதைவிட இது மேல் என்று வந்தவன். அவனுடைய சாவு அவனே தேர்ந்துகொண்டது என்பதால் நம்மை உறுத்துவதில்லை. அந்த உறுத்தாமையே நாவலின் எல்லையும்.

ஸ்டீவன் எரிக்சன் இந்த ஆறுதலைத் தருவதில்லை. தொல்லியலும் மானுடவியலும் பயின்ற அவருடைய 'டெட்ஹவுஸ் கேட்ஸ்' (2000) நாவலில் வரும் கோல்டேன், ஒருகாலத்தில் பேரரசை எதிர்த்துக் கலகம் செய்தவன். பிறகு அதே பேரரசின் தளபதியாகி, ஹிஸ்ஸார் நகரிலிருந்து ஏரன் வரை ஒரு பெரும் அகதிக் கூட்டத்தைப் பாலைவழியே நடத்திச்செல்கிறான். வழியெல்லாம் தாக்குதல், தாகம், காப்பாற்றப்படும் பிரபுக்களின் முணுமுணுப்பு வேறு. அகதிகள் ஏரனுக்குள் சேர்ந்துவிடுகிறார்கள், அவன் சேரவில்லை. மதிலின் பார்வைக்கெட்டும் தூரத்தில் எதிரிகள் அவனைச் சித்திரவதை செய்ய, உள்ளே பத்திரமாக இருக்கும் படை வெளியே வரவில்லை. கடைசியில் மதில் மேலிருந்து சொந்தப் பக்கத்து வில்லாளி ஒருவன் எய்த அம்புதான் அவன் வேதனையை முடிக்கிறது. இந்தப் பயணத்தை நாம் பார்ப்பது டூய்க்கர் என்ற கிழட்டு வரலாற்றாசிரியனின் கண் வழியே. கோல்டேன் என்ன நினைத்தான் என்பது கடைசிவரை நமக்குத் தெரியாது. துணைவீரனுக்குள் புகாமல் வெளியே நின்றே ஆயிரம் பக்க நாவலின் பாரத்தை அவன் தோளில் ஏற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தத் துறையில் இல்லை.

எயோவினுக்கு வருவோம். 1916இல் சோம் போர்க்களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர் டோல்கீன். பள்ளிக்கால நண்பர்களில் ராப் கில்சன் அந்தப் போரின் முதல் நாளிலேயே இறந்தார், ஜி. பி. ஸ்மித் அதே ஆண்டு டிசம்பரில். டோல்கீன் அகழிக் காய்ச்சலோடு ஊர் திரும்பினார். மிஞ்சியவன் பாடு என்னவென்று அறிந்தவர் என்பதால்தான் எயோவினைப் பிழைக்கவைத்தார் என்று எண்ண இடமிருக்கிறது. அவள் மனம் மருத்துவ இல்லத்தில் சந்திக்கும் ஃபரமிரின் பக்கம் திரும்புவதையும், வாளை விட்டுக் குணப்படுத்துபவளாக மாற முடிவெடுப்பதையும் பெண்ணை வீட்டுக்குள் அனுப்பும் ஏற்பாடு என்று கண்டித்த விமர்சகர்கள் உண்டு. மோதிரத்தைச் சுமந்த ஃப்ரோடோவும் தன் ஊரான ஷையருக்குத் திரும்பியபின் வாளெடுக்கவில்லை, ஃபரமிரும் வாளின் கூர்மைக்காக வாளை நேசிப்பவன் அல்லன் என்று பதில் சொல்லலாம். ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. போருக்குப் போகும் நாயகன் ஆரகார்னிடம் அவள் சொல்வது, தன் பயம் சாவல்ல, கூண்டு என்பது. அந்தக் கூண்டு என்ன ஆயிற்று? மருத்துவ இல்லத்தின் சில பக்கங்களில் அவள் மனம் மாறிவிடுகிறது. கேள்வி அப்படியே நிற்கிறது.

டோல்கீனிடம் பலர் கவனிக்காத இன்னொரு இடம் உண்டு. சிரித் உங்கோலில் ஷாக்ரட், கோர்பாக் என்ற எதிரிப் படையின் இரண்டு ஓர்க் தலைவர்கள் பேசிக்கொள்வதை ஃப்ரோடோவின் தோழன் சாம் ஒளிந்திருந்து கேட்கிறான். மேலிடத்தைப் பற்றிய புகார், யார் காதில் விழுமோ என்ற பயம். பிறகு, போர் முடிந்தால் நம்பகமான நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்ற ஆசை. அகழியில் அதிகாரிகள் இல்லாத நேரத்தில் சிப்பாய்கள் பேசுவது போலவே இருக்கிறது. சற்று நேரத்தில் ஃப்ரோடோவின் மித்ரில் சட்டைக்காக இருவரின் ஆட்களும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கிறார்கள். எதிர்ப்பக்கத்து வீரனுக்கும் உயிரோடு மிஞ்சும் ஆசை உண்டு என்பதை டோல்கீன் எழுதிவிட்டு, அதைத் தொடராமல் கடந்துபோனார்.

'த வீல் ஆஃப் டைம்' வரிசையின் லானைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ராபர்ட் ஜோர்டன் வியட்நாமில் ஹெலிகாப்டர் துப்பாக்கி வீரராக இரண்டு முறை பணியாற்றியவர். அவர் 2007இல் இறந்த பின் பிராண்டன் சாண்டர்சன் முடித்த கடைசித் தொகுதியில் (2013), எதிரியைக் கொல்வதற்காக லான் அவன் வாளைத் தன் உடலில் வாங்கிக்கொள்கிறான். செத்தான் என்று நாம் நினைத்த பிறகு எழுந்தும் வருகிறான். பதினான்கு தொகுதிகளாகச் சாவைத் தேடித் திரிந்தவனுக்கு மனைவி, நாடு, முடி எல்லாம் கிடைக்கின்றன. படிக்கும்போது சந்தோஷம்தான், தீபாவளிப் படத்து முடிவு என்பது புத்தகத்தை மூடிய பின் தெரியும்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பிரியெனிடம்தான் இந்தப் பாத்திர வகை முழு வளர்ச்சி அடைகிறது. டார்த் தீவின் பிரபு மகள். ஆண்களை மிஞ்சிய உயரம், ஊரார் கேலி செய்யும் முகம். 'எ கிளாஷ் ஆஃப் கிங்ஸ்' (1998) நாவலில் நாம் முதலில் பார்ப்பது, பந்தயச் சண்டையில் லோராஸ் டைரெல்லை வீழ்த்தும் கவச உருவத்தை. 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' (2005) வரும்வரை அவள் மனம் நமக்குத் திறக்கவில்லை. திறந்தபோதோ, அவளுக்குக் கிடைத்தது வீண் தேடல். காப்பதாக வாக்களித்த சான்சா ஸ்டார்க் என்ற பெண்ணைத் தேடிப் போரில் பாழான ஊர்களில் அலைகிறாள். சான்சா எங்கே இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். பிரியென் போகும் திசையில் அவள் இல்லை என்பதும் தெரியும். இந்த அத்தியாயங்கள் இழுவை என்று சலித்துக்கொண்ட வாசகர்கள் ஏராளம். எனக்கோ நாவலின் முதுகெலும்பே இவைதான்.

ஒரு கேடயத்தைப் பார்ப்போம். ஹாரன்ஹாலிலிருந்து அவள் எடுத்துவந்த கேடயத்தில் கருப்பு வௌவால் சின்னம். அழிந்துபோன, கெட்ட பெயர் கொண்ட ஒரு குடும்பத்துடையது. பார்ப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். டஸ்கன்டேலில் அதை மாற்றி வரையச் சொல்கிறாள்: அந்தி நிறப் பின்னணியில் ஓர் எல்ம் மரம், மேலே விழும் நட்சத்திரம். சிறுவயதில் அப்பாவின் ஆயுத அறையில் பார்த்த பழைய கேடயத்தின் நினைவு அது. யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. 1998இல் மார்ட்டின் எழுதிய 'த ஹெட்ஜ் நைட்' குறுநாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது டங்க் என்ற நெட்டை வீரனின் சின்னம். அவனை முறைப்படி யாராவது நைட் ஆக்கினார்களா என்பதே சந்தேகம். பிரியென் அவன் வழிவந்தவள் என்று மார்ட்டின் பின்னர் உறுதிசெய்தார். பட்டம் இல்லாமலே பட்டத்துக்குரியதைச் செய்த இருவரை, பாத்திரத்துக்கே தெரியாமல் ஒரு வண்ணப் பூச்சால் இணைத்துவிட்டார்.

அதே பயணத்தில்தான் மெரிபால்ட் என்ற வெறுங்கால் சாமியார், படையிலிருந்து ஓடிப்போய்க் கொள்ளையரான சிப்பாய்களைப் பற்றி அவளுடன் வருபவர்களிடம் பேசுகிறார். வியட்நாம் போருக்குப் போக மனசாட்சி காரணமாக மறுத்தவர் மார்ட்டின். அந்தப் பேச்சின் பின்னால் அவர் நிற்பது தெரிகிறது. அதைக் கேட்ட பிரியெனுக்குச் சீக்கிரமே ஒரு சோதனை. அநாதைக் குழந்தைகள் தங்கியிருக்கும் சத்திரத்துக்கு ஏழு முரடர்கள் வருகிறார்கள். அவள் ஒருத்தி வாளோடு மழையில் இறங்குகிறாள். அவர்களில் ரோர்ஜ் என்பவனைக் கொல்கிறாள். பைட்டர் என்பவன் அவள் கன்னத்தைக் கடித்துத் தின்கிறான். தீர்க்கதரிசனமோ மந்திரமோ உதவிக்கு வரவில்லை. அந்தக் குழந்தைகள் போரின் போக்கை மாற்றப்போவதும் இல்லை.

மார்ட்டினின் நாவல்களை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் இவளுக்கு நியாயம் செய்ய முயன்றது. 2019இல் வந்த கடைசிப் பருவத்தில், சான்சாவைத் தேட அனுப்பிய ஜேமி லானிஸ்டர் கணப்பருகே அவளை மண்டியிடச் சொல்லி நைட் ஆக்குகிறான். க்வென்டலின் கிறிஸ்டியின் முகத்தில் அப்போது அடக்கமாட்டாமல் வரும் சிரிப்பு அந்தப் பருவத்தின் நல்ல விஷயங்களில் ஒன்று. ஆனால் இறுதிப் பகுதியில் அரச காவலர்களின் தலைவியாக உட்கார்ந்து அவள் செய்வது என்ன? காவலர்களின் ஏட்டில் ஜேமியின் பக்கத்தை நிரப்புகிறாள். இத்தனை தூரம் வந்தவளுக்கும் கிடைத்தது இன்னொருவன் கதையை எழுதும் வேலை.

நாவலில் அவள் நிலை வேறு. ஜேமியின் உயிரைக் கேட்டவர்கள் மாட்டிய தூக்குக் கயிற்றிலிருந்து தப்பி, கன்னத்தில் கட்டோடு, 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' (2011) நாவலில் ஜேமியின் பாசறைக்கு வருகிறாள். சான்சாவைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், தன்னோடு தனியே வரவேண்டும் என்றும் சொல்கிறாள். பொய் என்பது நமக்குத் தெரியும். ஒரு வாக்கைக் காப்பாற்ற இன்னொன்றை உடைக்கிறாளா, அவனையும் காப்பாற்றும் திட்டம் வைத்திருக்கிறாளா என்பதற்கு அடுத்த தொகுதியில்தான் பதில் வர வேண்டும். அதை மார்ட்டின் இன்னும் எழுதி முடிக்கவில்லை.