புளிக்கறை படிந்த புத்தகம்

பயாப்ஸி ரிசல்ட்டுக்காக ஸ்ரீரங்கத்தில் காத்திருக்கிறேன். மூன்று நாளாகக் கொல்லையில் மணத்தக்காளி பறித்து, எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' (1951) பார்த்துக் குழம்பு வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும், புளிக்கறையோடு.

இளம் வயதிலேயே கணவரை இழந்து குடும்பத்தைச் சுமந்தவர் எழுதியது. அந்தச் சோகம் அதில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. புளி இவ்வளவு, உப்பு இவ்வளவு, அவ்வளவுதான். 'இது இலக்கியமா?' என்றால், ஆமாம் சார், இந்தக் கட்டுப்பாடு நம் நாவலாசிரியர்களில் பலருக்கு வரவில்லை. பழைய பதிப்பின் ஆழாக்குக் கணக்குதான் இன்றைய பிள்ளைகளைத் தடுமாற வைக்கும்.

நாளை என்ன ஆகும் என்று அம்மாள் சொல்வதில்லை. அடுத்து என்ன போடணும் என்று சொல்லிவிடுகிறார். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. உப்பு சரியாக இருந்தது.