மெல்பேண் நகரின் எள்ளல் நாடகங்கள்

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அங்கதத்தையும் அவர் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தினார். வசையை வெளிப்படக் கூறுவது முன்னையது. மறைத்துக் கூறுவது பின்னையது. இப்பாகுபாட்டை உரைகல்லாகக் கொண்டு ஆராய்தற்கு ஏற்றதொரு நாடகவகை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயரின் குடியேற்ற நகரங்களிற் செழித்த ‘பேர்லெஸ்க்’ ஆகும்.

உயர்ந்தோர் கதையைத் தாழ்ந்த நடையிற் கூறி நகைப்பூட்டுவதே இதன் இயல்பு. எதுகை பொருந்திய ஈரடிச் செய்யுள், ஓயாத சிலேடை, மக்கள் வாயிற் பயின்ற மெட்டுகளுக்குப் புதுச்சொற் புனைந்த பாட்டு, ஆண்வேடமிட்டு ஆடும் நடிகையர் ஆகியவை இதன் உறுப்புகள். 1831ஆம் ஆண்டில் இலண்டனிலே பிளாஞ்சே என்பார் கிரேக்க தேவர்களை இவ்வாறு மேடையேற்றி வழிகாட்டினார். 1835இல் தோன்றி, 1851இன் பொற்கண்டுபிடிப்பால் ஒருங்கே பெருத்த மெல்பேண், 1855இல் தியேட்டர் றோயல் என்னும் அரங்கை எழுப்பிக்கொண்டது. பொன்னும் கூட்டமும் இருந்தன. பழைமை ஒன்றே இல்லை. பழைமை இல்லாத ஊர் பிறர் பழைமையை எள்ளி விளையாடியதில் வியப்பில்லை.

இவ்விளையாட்டில் வல்லவர் டபிள்யூ. எம். அக்கர்ஸ்ற். இலண்டனிற் பிறந்து 1849இல் அவுஸ்திரேலியா சென்ற பத்திரிகையாளர் இவர். ஆதர் மன்னனின் கதையை டெனிசன் 1859 முதல் பெருமிதமும் அவலமும் தோன்றப் பாடிவர, அக்கர்ஸ்ற் அதே மன்னனை 1868இல் நகைப்பொருளாக்கினார். அரசி குவினிவியரின் பெயரைப் பிளந்து அதனுள் ‘ஜின்’ என்னும் மதுவைக் கண்டார். வட்டமேசை வீரரோடு ‘ஏனைத் தளபாடங்களும்’ என்று தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டார். தளபாடம் என்ற அச்சொல்லொன்றே அவர் திறமைக்குப் போதிய சான்று. எனினும் குறையும் அங்கேயே உளது. சிலேடை சிலேடையை ஈன்று செல்வதன்றி, எள்ளப்படும் பொருள் யாதென்பது தெளிவதில்லை. ஆதர் மன்னனை எள்ளுவதால் யார்க்கும் நோவில்லை. நோவு இல்லாவிடத்து அங்கதமும் இல்லை. அது வெறும் நகையாய் நின்றுவிடும்.

நோவு உண்டாக்கிய நாடகம் பின்னர் வந்தது. 1873இல் கில்பேட்டும் கில்பேட் ஆ பெக்கற்றும் ‘இன்ப நாடு’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு பேர்லெஸ்க் எழுதினர். அரசியலறியாத தேவதைகளின் உலகிற்கு மூன்று மானிடர் சென்று மக்களாட்சி கற்பிப்பதே அதன் கதை. உரையாடலில் அம்மூவர்க்கும் முதலெழுத்தன்றிப் பெயரில்லை. ஆனால் நடிகர் மூவரும் கிளாட்ஸ்ரன், லோ, அயற்றன் என்னும் அமைச்சர்களாகவே ஒப்பனை செய்து தோன்றினர். சொல் பழிகரப்பாக நிற்க, முகம் செம்பொருளாயிற்று. நாடகத் தணிக்கைக்குரிய அரண்மனை அதிகாரி உடனே தடைவிதித்தார். ஒப்பனை களையப்பட்ட பின்னரே நாடகம் தொடர்ந்தது. தணிக்கை அதிகாரி சிறந்த திறனாய்வாளரும் ஆவார் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. நாடகத்தின் உயிர் எங்கிருந்தது என்பதை அவர் பிழையின்றிக் கண்டார்.

இந்நாடகத்தையே 1880இல் மெல்பேணுக்கு ஏற்ப மாற்றியமைத்தார் மாக்கஸ் கிளாக். அக்காலத்து விக்ரோறியாவின் முதலமைச்சர் கிரஹாம் பெரி. மேற்சபையோடு பொருதி, 1878 சனவரியில் நீதிபதிகள் உட்பட உயர் அலுவலர் பலரை ஒரேநாளில் நீக்கியவர் அவர். அந்நாளை மக்கள் ‘கறுப்புப் புதன்’ என்றனர். இத்தகையவரின் அரசைக் கிளாக் தேவதையுலகிற்கு அனுப்பினார். அரசு தலையிட்டுத் தடுத்தது.

இங்கே கருதற்பாலது ஒன்றுண்டு. ‘ஆகஸ்’ என்னும் நாளேடு பெரியை இடைவிடாது கண்டித்துவந்தது. அதன் வாயை அவர் அடைக்கவில்லை. நாளேட்டிற் பொறுத்ததை அரங்கிற் பொறுக்காமை ஏன்? நாளேட்டைப் படிப்பவன் தனியே இருந்து சினக்கிறான். அரங்கிலோ பலர் ஒருங்கே நகைக்கின்றனர். அருகிருப்பவனும் நகைக்கின்றான் என்று காணும்போது ஒவ்வொருவனுக்கும் துணிவு பிறக்கின்றது. ஆட்சியாளர் அஞ்சியது வசைக்கன்று, இத்துணிவுக்கே எனல் தகும்.

கிளாக்கின் நாடகம் இரவற் கதை என்று தள்ளுவாருளர். கதை இரவலே; ஆயினும் துணிவு இரவலன்று. சிறைக்கைதிகளின் துயரை நாவலாக வடித்து 1874இல் நூலாக்கிய அவர், மெல்பேண் பொது நூலகத்தில் உதவி நூலகராய் ஊதியம் பெற்றுக்கொண்டிருந்தவர். அக்கர்ஸ்றுக்கு நேராத இடர் இது. சொந்தப் புனைவாற்றலில் அக்கர்ஸ்ற் மேம்பட்டவராக, அங்கதம் என்னும் பெயர்க்கு உரியது கிளாக்கின் நாடகமே.

1880 பெப்ரவரித் தேர்தலிற் பெரி தோற்றார். அவ்வாண்டு ஆகஸ்ற்றிலேயே மீண்டும் முதலமைச்சரானார். கிளாக் 1881 ஆகஸ்ற் 2ஆந் தேதி, முப்பத்தைந்தாவது வயதில், கடனாளியாக இறந்தார்.