சிரிஞ்சைப் பிடித்துக்கொள்ளும் கைக்கருவி: கல்லாற்று வீட்டில் ஒரு சோதனை

சாதாரண இன்சுலின் சிரிஞ்சைத் தனக்குள் பூட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தியதும் ஸ்பிரிங் விசையால் ஊசியைத் தோலுக்குள் இறக்கிவிடும் பிளாஸ்டிக் குழல் இது. பேட்டரி கிடையாது, செயலி கிடையாது. குத்தும்வரை ஊசி கண்ணில் படாது. நேராகக் குத்துவது கருவியின் வேலை, மருந்தைத் தள்ளுவது நம் கட்டைவிரலின் வேலை. இங்கிலாந்தின் ஓவன் மம்ஃபோர்ட் நிறுவனத்து ஆட்டோஜெக்ட் 2 போன்ற இன்னொரு வகை, மருந்தையும் தானே செலுத்திவிடும். எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பயன்படுத்துவது முதல் வகை.

இன்சுலின் பேனா இருக்கும்போது இது எதற்கு என்று நகரத்தில் கேட்பார்கள். கேரளத்தின் பொன்முடி மலைக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர் கல்லாறு. மருந்து வாங்க விதுராவுக்குப் போக வேண்டும். பெரிய டாக்டரைப் பார்க்கத் திருவனந்தபுரம்வரை இறங்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு திடீரென்று பெருகினால் அன்றைய பயணம் அவ்வளவுதான். தினமும் ஊசி போட நர்ஸ் வர முடியாது. வீட்டில் இருப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். தோட்ட வேலை பார்த்துக் கை காய்த்துப்போன குடும்பங்களுக்குக் கட்டுப்படியாவது குப்பி இன்சுலினும் சிரிஞ்சும்தான்.

அம்மாவின் வலது கை நடுங்கும். வெறும் சிரிஞ்சில் குத்தினால் ஊசி சாயும், பாதியில் நிற்கும், சில நாள் தோலைக் கீறிவிட்டு வெளியே வந்துவிடும். கருவியில் அந்தத் தொல்லை தீர்ந்தது. இடது கையால் வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து, வலது கையால் குழலை வைத்து அழுத்தினால் போதும். “குத்துனதே தெரியலடா, டக்குன்னு சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு” என்றார். அந்தச் சத்தத்துக்கு முதலில் திடுக்கிட்டார், பிறகு பழகிவிட்டது. ஊசியைப் பார்த்தாலே கை பின்வாங்குபவர்களுக்கும் இதே பலன் கிடைக்கும்.

குறைகளும் உண்டு. மருந்தை உறிஞ்சி அளவு பார்த்த பிறகே சிரிஞ்சை உள்ளே பொருத்த வேண்டும். அப்போது விரல் மருந்தைத் தள்ளும் தண்டில் பட்டால் ஓரிரு யூனிட் கசிந்துவிடும். பொருத்தியபின் கோடுகள் பாதி மறைவதால் கசிந்தது தெரியாது. ஆகவே பொருத்தும் வேலையை நடுக்கமில்லாத வேறொருவர் செய்துகொடுப்பதே நல்லது. எல்லா சிரிஞ்சும் இதில் உட்காருவதும் இல்லை. சிரிஞ்சு உடலின் பருமன் சற்று மாறினாலே ஆடுகிறது. விதுராவில் கேட்ட கடைகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்தான் வாங்கிவந்தார்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எந்தக் கருவியாலும் அதைத் தடுக்க முடியாது. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் செறிவு. அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் செறிவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 செறிவு மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் உடலில் போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. 100 செறிவு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை சரிந்து ஆள் மயங்கி விழலாம், உயிரே போகலாம். ஸ்பிரிங் கருவி தப்பான அளவையும் அதே நேர்த்தியோடு உள்ளே அனுப்பும். குப்பியில் அச்சிட்ட எண்ணையும் மூடியின் நிறத்தையும் ஒவ்வொரு முறையும் சத்தமாகப் படித்துப் பார்க்கும் வழக்கத்தை எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

அடுத்தது, ஊசி வெளியே வந்தபிறகு என்ன ஆகிறது என்பது. தோலிலிருந்து கருவியை எடுக்கும்போது ஊசி மறைப்பின்றி நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே திரும்புவதில்லை. மூடியைத் திரும்ப மாட்டப்போய்த்தான் பலர் விரலில் குத்திக்கொள்கிறார்கள். “பாதுகாப்பானது” என்று சொல்லி விற்கும் பொருளில் இந்த இடத்தைக் கோட்டைவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2005 முதல் பயன்படும் சிரிஞ்சு, ஒருமுறை அழுத்தியதும் தண்டு பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க முடியாது. ஆனால் அது அரை மில்லி போன்ற நிலையான அளவுக்குச் செய்தது. ஆளுக்கு ஆள் மாறும் இன்சுலினுக்குப் பொருந்தாது.

அப்படி நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி குப்பைக்குப் போனால் வேறொருவரைக் குத்தும். கேரளத்தில் வீடுதோறும் வந்து பிளாஸ்டிக் சேகரிப்பவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். சாக்கைப் பிரித்துத் தரம் பிரிப்பதும் அவர்கள் கைகள்தான். கிருமியுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. ஹெபடைட்டிஸ் சிக்கு அதைவிட மிகக் குறைவு, எச்.ஐ.விக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம். வீட்டு ஊசிகளைத் தனியாகப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் கூறின. தடித்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் துளை போட்டு அதில் சேர்த்துவைக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழலின் முனை தோலைத் தொடுகிறது, சில நேரம் ரத்தமும் படும். வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை என்றால் இரண்டு கருவி வேண்டும். ஊசியும் ஒருமுறைக்குத்தான்.

கை நடுங்குபவர்கள், பார்வை மங்கியவர்கள், ஊசிக்குப் பயந்து மருந்தைத் தள்ளிப்போடுபவர்கள் வாங்கலாம். பார்வை மங்கியவர்களுக்கு அளவு எடுத்துத் தர ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். கை நன்றாக இருப்பவர்களுக்கு வெறும் சிரிஞ்சே போதும். வாங்கும் நாளிலேயே ஊசி போட்டுவைக்க ஒரு டப்பாவையும் எடுத்துவையுங்கள். ஊராட்சிகள் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் ஊசி சேகரிக்கும் பெட்டி ஒன்றை வைக்க வேண்டும். நிரம்பும் டப்பாவை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்.