ஐந்து நாள் நோட்டீஸ்: 'எவிக்டட்' இரண்டாம் வாசிப்பு

மேத்யூ டெஸ்மண்டின் 'எவிக்டட்' 2016-ல் வந்தது. அடுத்த வருடம் புலிட்சர் பரிசு வாங்கியது. முதல் தடவை அதை வறுமை பற்றிய புத்தகமாகத்தான் படித்தேன். இந்தத் தடவை ஒரு தாளில் நாட்களைக் குறித்துக்கொண்டே படித்தேன். உதவிப் பணம் எப்போது வருகிறது, வாடகை எப்போது, நோட்டீஸ் எப்போது, கோர்ட் எப்போது என்று. அப்படிப் படித்தால் கிட்டத்தட்ட வேறு புத்தகமாகவே இருக்கிறது. அதன் பலம் கூடுதலாகத் தெரிகிறது. முன்பு கண்ணில் படாத ஒரு குறையும் தெரிகிறது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: களம் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரம், காலம் 2008-09. டெஸ்மண்ட் ஒரு சமூகவியலாளர். ஒரு டிரெய்லர் பார்க்கிலும், பிறகு நகரின் வடக்குப் பகுதியில் ஒரு வாடகை அறையிலும் குடியிருந்து எட்டுக் குடும்பங்களைப் பின்தொடர்கிறார். பெயர்கள் மாற்றப்பட்டவை. ஹவுஸ் ஓனர்கள் பக்கத்திலும் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதனால் ஷெரீனா வெறும் வில்லியாக இல்லை. தன்னைப் பற்றி முடிவுரை வரை வாயே திறப்பதில்லை. இந்த மாதிரி ஆய்வு நூல்களில் ஆசிரியர் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொள்வார். இதில் அந்தத் தொல்லை இல்லை.

ஆர்லீன் கதையை எடுத்துக்கொள்வோம். மாத உதவித்தொகை 628 டாலர், வாடகை 550 டாலர். உணவுக்கு ஃபுட் ஸ்டாம்ப் தனி. மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சம் 78 டாலர், வீட்டில் இரண்டு பையன்கள். உடன்பிறந்தவள் போலப் பழகிய ஒருத்தியின் இறுதிச் சடங்குக்குப் பணம் கொடுத்ததில் வாடகை பாக்கி விழுகிறது. அதைச் சமாளிப்பதற்குள் உதவித்தொகையிலும் வெட்டு, காரணம் அலுவலகத்தில் ஒரு சந்திப்புக்குப் போகவில்லை. அதற்கான கடிதம் போனது அவர் முன்பு குடியிருந்த முகவரிக்கு! வீடு நிலையாக இல்லாதவருக்கான உதவி, நிலையான முகவரி இருக்கும் என்று நம்பி நடக்கிறது. டெஸ்மண்ட் இதைச் சத்தம் போடாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். விஸ்கான்சினில் பாக்கி விழுந்தால் ஹவுஸ் ஓனர் ஐந்து நாள் நோட்டீஸ் கொடுக்கலாம். கட்டு, இல்லையா காலி பண்ணு. அடுத்து கோர்ட். மில்வாக்கியில் அழைக்கப்பட்ட வாடகைதாரர்களில் சுமார் 70 சதவீதம் பேர் கோர்ட்டுக்கு வரவே இல்லை என்கிறது புத்தகம். கடைசியில் ஷெரிப் ஆட்களும் சாமான் ஏற்றுகிறவர்களும் வந்து ஒரே கேள்வி கேட்கிறார்கள்: லாரியா, தெருவோரமா? லாரி என்றால் சாமான் கிடங்குக்குப் போகும், கட்டணம் கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். தெருவோரம் என்றால் தெருவோரம்தான்.

இதைவிட என்னை உலுக்கியது மாநில நீதிமன்றங்களின் ஆன்லைன் தேடல் வசதி. வழக்கு போட்டாலே பெயர் அதில் ஏறிவிடும். தள்ளுபடியான வழக்கும் தெரியும். அடுத்த ஹவுஸ் ஓனர் இலவசமாகத் தேடிப் பார்த்துவிட்டு வீடு இல்லை என்பார். நகரத்தின் அரசு வீட்டு வசதி அமைப்பும் பழைய வெளியேற்றங்களை விண்ணப்பதாரருக்கு எதிராகவே கணக்கில் எடுத்தது. அதாவது யாருக்கு உதவி அதிகம் தேவையோ, அவரை அந்தத் தேவையின் அடையாளத்தை வைத்தே கழித்துவிடுகிறார்கள்.

இனி குறைக்கு வருகிறேன். முடிவுரையில் டெஸ்மண்ட் சொல்லும் தீர்வு எல்லா ஏழைக் குடும்பங்களுக்கும் வீட்டு வவுச்சர். வருமானத்தில் 30 சதவீதத்தைக் குடும்பம் கட்டும், மீதியை அரசு கட்டும். தகுதி உள்ள குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்த உதவியும் கிடைக்காத நாட்டில் இது நியாயமான கோரிக்கைதான். வவுச்சர் இருந்தால் ஓனர்கள் வாடகையை ஏற்றுவார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மில்வாக்கியில் வவுச்சர்காரர்களிடம் மாதம் சராசரியாக 55 டாலர் கூடுதலாக வாங்கினார்கள் என்று அவரே எழுதுகிறார். ஆனால் முடிவுரை பேசுவது தொகையைப் பற்றி. அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் பேசியது நாட்களைப் பற்றி. நாளைக்கு வவுச்சர் வந்தாலும் இறுதிச் சடங்கும் வேலை இழப்பும் நிற்கப் போவதில்லை. அந்த ஐந்து நாளுக்குள் பணத்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது? இந்தக் கேள்வியைக் காட்சிகளில் எழுப்பிவிட்டு, வாதத்தில் விட்டுவிட்டார்.

புத்தகம் வந்த சில வருடங்களில் அந்தக் கேள்விக்கு நாடு தழுவிய ஒரு பரிசோதனை நடந்தது. கொரோனா காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் அவசர வாடகை உதவிக்கு 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலர், 2021 மார்ச்சில் இன்னும் 2,155 கோடி டாலர் ஒதுக்கியது. தொகையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் 2021 ஜூலை முடிவில் குடும்பங்களுக்காகச் செலவானது சுமார் 510 கோடிதான், மொத்தத்தில் 11 சதவீதம். ஆகஸ்ட் 26-ல் உச்ச நீதிமன்றம் வெளியேற்றத் தடையையும் நீக்கிவிட்டது.

பணம் ஏன் நகரவில்லை? வருமானம் குறைந்ததற்குச் சான்று, கொரோனாவால் பாதிப்பு என்று சான்று, வீடு போகும் அபாயத்துக்குச் சான்று. அந்த அபாயத்துக்குச் சட்டமே காட்டும் உதாரணங்கள் வாடகை பாக்கி நோட்டீஸும் வெளியேற்ற நோட்டீஸும். முதல் தவணைப் பணத்தில் ஓனரும் ஒத்துழைக்க வேண்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் வாடகைதாரருக்கே கொடுக்கலாம், ஆனால் கடிதம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். 2021 மே மாதம் தளர்த்திய பிறகும் அந்தக் காத்திருப்பு 7 நாள். நோட்டீஸ் 5 நாள்!

இங்கே என் தொழிலையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது. பிழைப்புக்கு ஃபார்ம் எழுதுகிறவன் நான். தகுதி இல்லாத ஒருத்தர் உள்ளே வந்துட்டா அது பக், உடனே டிக்கெட் வரும். தகுதி உள்ளவர் மூணாவது பக்கத்துல, அப்லோடு பண்ண பேப்பர் இல்லாம மூடிட்டுப் போயிட்டா எந்த டிக்கெட்டும் வராது. அதனால் நாங்கள் எழுதும் சோதனைகள் எல்லாம் முதல் வகைத் தப்புக்கு மட்டும்தான். முதல் வாசிப்பில் நான் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு, "நல்ல போர்ட்டல் இருந்தால் தீரும்." இப்போது வெட்கமாக இருக்கிறது. கேட்கும் கேள்வியே தப்பாக இருந்தால் திரை அழகாக இருந்து என்ன பிரயோஜனம்?

மாற்றம் வந்தபோது அது கேள்வியில்தான் வந்தது. சான்று இல்லாவிட்டால் விண்ணப்பதாரர் எழுதிக் கையெழுத்திட்டாலே போதும் என்று நிதித்துறை அந்த ஆகஸ்டில் அழுத்திச் சொன்னது. செலவழிக்காத இடங்களின் பணம் வேகமான இடங்களுக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகு பணம் ஓடியது. தடை நீங்கியும் பல மாதங்களுக்கு வெளியேற்ற வழக்குகள் வழக்கமான அளவுக்குக் கீழேயே இருந்தன என்று காட்டியது டெஸ்மண்டே தொடங்கிய எவிக்‌ஷன் லேப்.

எனக்குச் சரியாகப் பட்டது பிலடெல்பியா செய்தது. அங்கே ஓனர் வழக்குப் போடும் முன்பே வாடகை உதவிக்கு விண்ணப்பித்து, சமரசப் பேச்சுக்கும் வர வேண்டும் என்று வரிசையை மாற்றினார்கள். வழக்கு போட்டாலே பெயர் கெட்டுவிடும் என்றால், உதவி வர வேண்டிய இடம் வழக்குக்கு முன்னால்தானே? அந்தச் சுமையும் வக்கீல் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர் தலையில் விழுகிறது. இதற்கும் ஓட்டைகள் உண்டு. மில்வாக்கியில் கட்டாய இடமாற்றங்களில் கிட்டத்தட்டப் பாதி கோர்ட்டுக்கே போகாதவை. கொஞ்சம் பணம் கொடுத்துக் கிளப்பிவிடுவது, வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவது என்று புத்தகமே சொல்கிறது. அவர்களுக்கு வழக்கும் இல்லை, நோட்டீஸும் இல்லை, காட்டச் சான்றும் இல்லை. எந்த ஃபார்மிலும் அவர்கள் நுழைய முடியாது.

புத்தகத்தைப் படிக்கச் சொல்வேனா? கண்டிப்பாக. முடிவுரைக்குத் தாவாமல், பக்கத்தில் ஒரு தாளை வைத்து நாட்களைக் குறித்துக்கொண்டே படியுங்கள். டெஸ்மண்ட் வாதமாக எழுதாமல் விட்டது அந்தத் தாளில் வந்து சேரும். அடுத்த தடவை ஏதாவது அவசர உதவித் திட்டம் கண்ணில் பட்டால் நான் எத்தனை கோடி என்று முதலில் பார்க்கப் போவதில்லை. நோட்டீஸ் வருவதற்கு முன்னால் விண்ணப்பிக்க முடியுமா என்றுதான் பார்ப்பேன்.