கீழே விழுந்த இரவுக்கு முழு மதிப்பெண்

'பிளாக் ஸ்வான்' படத்தின் கடைசிப் பகுதியை ஒரு மேட்ச் பார்ப்பதுபோலப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது ஒரு சறுக்கல்தான். ஸ்வான் லேக் அரங்கேறும் முதல் இரவு. வெள்ளை அன்னமாக ஆடும் நீனாவை இளவரசன் தூக்கிப் பிடிக்கிற கட்டம். அவள் கவனம் எங்கோ போக, பிடி நழுவி, நிறைந்த அரங்கின் முன்னால் தரையில் விழுகிறாள். திரை இறங்கியதும் பாலே குழுவின் இயக்குநர் லெராய் பாய்கிறார். அவளோ அழுதுகொண்டே பழியை இளவரசன் மேல் போடுகிறாள். தோற்ற அணியின் ஓய்வறை வாசலில் நிற்கிற எந்த நிருபருக்கும் பழகிய பேச்சு. (அந்த இளவரசனாக வருபவர் பெஞ்சமின் மில்லபியே. படத்தின் நடனங்களை அமைத்தவரும் அவரேதான்.)

அதே இரவின் முடிவில், வயிற்றில் கண்ணாடிச் சில் கிழித்த காயத்தோடு கிடந்தபடி, இன்றைக்குக் குறையே வைக்காமல் ஆடிவிட்டேன் என்கிறாள் அதே நீனா. 2010-ல் வந்த படம், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று இனி யாரும் கோபிக்க வேண்டாம். புத்தி பேதலித்தவள் உளறுகிறாள் என்று பலரும் கடந்துபோகிற இடம் இது. எனக்கென்னவோ படம் முழுவதிலும் ஆட்டத்தைப் பற்றிய உருப்படியான கருத்து இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவராக இருந்தால் அந்த விழுகைக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார். நீனா அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. விழுந்த பிறகு என்ன ஆடினோம் என்பதுதான் அவளுக்குக் கணக்கு.

அதுவரை அவள் அப்படி இல்லை. வெள்ளை அன்னத்தில் அவளுக்கு நிகர் யாரும் கிடையாது. அதே ஆள் ஆட வேண்டிய கறுப்பு அன்னம் மட்டும் வரவில்லை. அசைவு அத்தனையும் அத்துப்படி, ஆனாலும் மரம்போல இருக்கிறது என்பது லெராயின் புகார். பெனால்டி உதைக்கப் போகிறவரிடம் இதே வியாதியைப் பார்க்கலாம். ஆயிரம் முறை உதைத்து உடம்பு தானாகச் செய்கிற ஒரு காரியத்தை, அந்த ஒரு நொடியில் மூளை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தால் கால் இறுகிவிடும். நீனாவைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கண்ணாடி. எந்நேரமும் தன்னையே மேற்பார்வை பார்க்கிறாள். நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கும் லெராய் கொடுக்கிற மருந்து மட்டும் பயிற்சியாளர் கொடுக்கிற மருந்து அல்ல. கலை என்ற பெயரில் நடக்கும் பாலியல் அத்துமீறல் அது. லெராயாக நடிக்கும் வின்சென்ட் கசெல் அதை அத்தனை கவர்ச்சியாகச் செய்வதால், படம் அவரைக் கண்டிக்கிறதா ரசிக்கிறதா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

கறுப்பு அன்னத்தின் பாகம் ஏன் அப்படி மிரட்டுகிறது என்பதற்குச் சரித்திரமும் உண்டு. 1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்வான் லேக்கைப் புதுப்பித்து மேடையேற்றியபோது, பியெரினா லெஞ்யானி என்ற இத்தாலியக் கலைஞர் தொடர்ந்து 32 ஃபுவெட்டே சுழற்சிகளைப் போட்டார். அன்றிலிருந்து அந்த எண்ணிக்கை கறுப்பு அன்னத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரே காலில் நின்று சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே அந்தக் காலின் பாதம் தரையில் பதிந்து முழங்கால் மடங்கும், மறுபடி விரல் நுனிக்கு ஏறும். மற்றக் கால் சாட்டைபோலப் பக்கவாட்டில் வீசி, முழங்காலுக்குத் திரும்பி வரும். தலை கடைசியாகத் திரும்பி, முதலில் வந்து சேரும். எதிரே ஒரு புள்ளியைக் கண்கள் விடாமல் பிடிக்காவிட்டால் கிறுகிறுத்துவிடும். நின்ற இடம் நகரக் கூடாது. அரங்கில் பாதிப்பேர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள், அதுவும் மூன்றாம் அங்கத்தில், கால்கள் ஏற்கெனவே களைத்த பிறகு.

இந்த எண்ணிக்கைக்குப் பெரிய கலைஞர்கள் எல்லோருமே பணிந்துவிடவில்லை. மாயா பிளிசெட்ஸ்காயா ஃபுவெட்டேயை விட்டுவிட்டு, மேடையைச் சுற்றி வட்டமடித்துச் சுழல்வதை வைத்துக்கொண்டார். அவரை யாரும் அரைகுறை என்று சொன்னதில்லை. 2018-ல் சிங்கப்பூரில் மிஸ்டி கோப்லேண்ட் 32-ஐ முடிக்க முடியாமல் பாதியில் வேறு சுழற்சிக்கு மாறி, ஆட்டத்தைக் குலையாமல் கொண்டுபோனார். வீடியோ பரவியது, ஏளனமும் கூடவே வந்தது. கோப்லேண்ட் ஒளியவில்லை, தனக்கு இன்னும் வளர இடமிருக்கிறது என்ற தொனியில் வெளிப்படையாகவே பதில் எழுதினார். நீனாவின் கதையில் விழுகைக்கும் வெற்றிக்கும் நடுவே ஒரு மனச்சிதைவை வைத்தே தீர வேண்டியிருந்தது இயக்குநர் டேரன் ஆரனாஃப்ஸ்கிக்கு. மேடையில் நிஜமாக ஆடுகிறவர்கள் அந்தத் தூரத்தை அடுத்த நான்கு தாளத்துக்குள் கடக்கிறார்கள். அது சினிமாவுக்கு அவ்வளவாக எடுபடாது என்பது வேறு விஷயம்.

நீனாவாக நடித்த நடாலி போர்ட்மேன் அந்தச் சுழற்சிகளை முழுசாக ஆடினாரா? கேமரா நம்மைப் பார்க்க விடுவதில்லை. தோளுக்குப் பின்னாலும் முகத்துக்கு அருகிலும் கையில் பிடித்த 16 மி.மீ. கேமரா அலைகிறது. தலை முதல் கால் வரை தெரிந்தே ஆக வேண்டும் என்று ஃபிரெட் அஸ்டேர் தன் படங்களில் பிடிவாதம் பிடித்த ஃபிரேம் இங்கே அபூர்வம். போர்ட்மேன் ஆஸ்கர் வாங்கிய 2011-லேயே இது சண்டையாக வெடித்தது. அவருக்குப் பதிலாக ஆடிய அமெரிக்கன் பாலே தியேட்டரின் சாரா லேன், முழு உடலும் தெரிகிற காட்சிகளில் போர்ட்மேன் ஆடியது ஏறக்குறைய 5 சதவீதம்தான் என்றார். ஆரனாஃப்ஸ்கி எடிட்டரை விட்டு எண்ணச் சொன்னார்: நடன ஷாட்டுகள் 139, அவற்றில் 111 போர்ட்மேன், 28 லேன். ஸ்கோர் அட்டை படிக்கிறவர்களுக்கு உடனே புரியும், இருவரும் வெவ்வேறு பட்டியலை எண்ணுகிறார்கள். ஒருவர் முழு உடல் ஷாட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார், மற்றவர் கையும் கழுத்தும் தெரிகிறவற்றையும் சேர்த்துக்கொள்கிறார். சுமார் ஒரு வருடம், தினமும் 5 முதல் 8 மணி நேரம் போர்ட்மேன் உழைத்தது பொய்யில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே ஆடுகிறவரின் காலை ஒரு வருடத்தில் யாராலும் வாங்கிவிட முடியாது. லேனின் பெயருக்கு இன்னும் பெரிய எழுத்து கொடுத்திருக்கலாம்.

உடம்பைப் பற்றிப் படம் சொல்வதில் மட்டும் எனக்குத் தகராறு இல்லை. புது ஷூவை வளைத்து ஒடித்து, அடியைக் கீறி, ரிப்பனைத் தைக்கிற காட்சிகள் அச்சு அசல். காலை உணவு பாதி கிரேப்ஃப்ரூட்டும் ஒரு முட்டையும். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒத்திகை. செலவழிக்கிற சக்திக்குத் தகுந்த சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பில் விரிசல் விழும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் அறிக்கையே வெளியிட்டது. தாயார் வாங்கிவந்த கேக்கில் ஒரு துண்டுக்கு நீனா தயங்குகிற காட்சி அதற்கு நாலு வருடம் முந்தையது.

ஆரனாஃப்ஸ்கி இதற்கு முன் 2008-ல் எடுத்தது 'தி ரெஸ்லர்'. இரண்டும் ஜோடிப் படங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் மிக்கி ரூர்க் மணிக்கட்டுப் பட்டையில் ஒளித்துவைத்த பிளேடால் நெற்றியைக் கீறிக்கொள்வார், இதில் கண்ணாடிச் சில். அதில் நொந்துபோன இதயத்தோடு ரிங் கயிற்றின் உச்சியிலிருந்து ஒரு பாய்ச்சல், இதில் செட் பாறையிலிருந்து. இரண்டு படமும் ஆட்டக்காரர் பாய்ந்ததோடு சரி, நமக்கும் கைதட்டத்தான் தோன்றும். ஆனால் பாலே குழுவுக்குக் கடைசிக் காட்சி என்று ஒன்று கிடையாது, சீசன்தான் உண்டு. பழைய நட்சத்திரம் பெத்தை ஓரங்கட்டிய லெராய், நீனாவுக்கும் மாற்று ஆளை முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அடுத்த காட்சிக்குப் பெயர்ப்பட்டியலில் இருக்கப்போவது அந்த மாற்று ஆள் லில்லி.